இரண்டு கார்டும் ஒரு தாளமும்

(நூலக வாசகர்களுக்கான மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



போன மாதம் ஒரு தம்பி தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவனுடைய கம்ப்யூட்டரில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. புதிதாக வாங்கிய கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று குறை. "சார், என் ஃப்ரெண்டு இதே 3060-ஐ விக்கிறான். வாங்கிப் பக்கத்து ஸ்லாட்டுல சொருகிட்டா பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்திநாலு ஜிபி. ஸ்பீடும் டபுள். புதுக் கார்டு விலையில பாதிகூட ஆகாது. வாங்கிடலாமா சார்?" என்று கேட்டான்.

அம்மா அதிகம் பேசவில்லை. "சீட்டு எடுத்த பணம் இருக்கு சார். நீங்க வாங்கச் சொன்னா வாங்கிக் குடுத்துடறேன்" என்றார். சீட்டுப் பணம் என்றால் என்னவென்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. மாதாமாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. "வேண்டாம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த ஒரு சொல்லுக்கான காரணத்தை நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தம்பியின் கணக்கு முட்டாள்தனமான கணக்கு இல்லை. உலகத்தின் பெரிய நிறுவனங்களே இருபது வருடம் அந்தக் கணக்கை நம்பின; நம்மையும் நம்ப வைத்தன. அது எப்படிப் பிறந்தது, எங்கே தவறியது, இன்று எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைத்தான் இந்த மாலையில் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் 1998-க்குப் போவோம். அன்று த்ரீடிஎஃப்எக்ஸ் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் இருந்தது. அந்த வருடம் அவர்கள் வூடூ 2 என்ற கார்டைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கார்டு முப்பரிமாண வேலையை மட்டும்தான் செய்யும். சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு வேண்டும். இரண்டையும் ஒரு சிறு கேபிள் இணைக்கும். அத்தோடு நிறுத்தாமல், இரண்டு வூடூ 2 கார்டுகளை ஒன்றாகப் பூட்டவும் வழி செய்திருந்தார்கள். அதற்கு எஸ்எல்ஐ என்று பெயர் வைத்தார்கள். அன்று அந்த மூன்று எழுத்துக்கு ஸ்கேன் லைன் இன்டர்லீவ் என்று விரிவு. பொருள் எளிது. திரையில் வரும் படம் கிடைமட்டக் கோடுகளால் ஆனது. ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கார்டு வரையும். இரட்டைப்படைக் கோடுகளை இன்னொன்று வரையும். பாய் முடையும்போது எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கோரையாகக் கோத்துக்கொண்டு வருவதுபோல, இரண்டும் கோக்க ஒரே படம் விரியும்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கார்டு 800-க்கு 600 புள்ளி அளவுள்ள படத்தோடு நின்றுவிடும். இரண்டு சேர்ந்தால் 1024-க்கு 768 கிடைக்கும். வேகமும் கிட்டத்தட்ட இரட்டித்தது. இரண்டு ஆள், இரண்டு மடங்கு வேலை. அன்றைய ரசிகர்கள் மனதில் விழுந்த அந்த விதைதான் கால் நூற்றாண்டு கழித்து நம் தம்பியின் வாயில் "ஸ்பீடும் டபுள்" என்று முளைத்தது.

அன்று ஏன் அது நடந்தது? படம் எளிமையாக இருந்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. பக்கத்துக் கோட்டில் என்ன வரைந்தார்கள் என்று தெரியாமலேயே தன் கோட்டை வரைந்து முடிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரை முழுவதும் இந்த ஒரு இடத்தைச் சுற்றித்தான் வரும்.

த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் அதிக நாள் நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு முடிவில் அதன் சொத்துகளைப் போட்டி நிறுவனமான என்விடியா வாங்கியது. 2004-இல், ஜீஃபோர்ஸ் 6800 வரிசை கார்டுகளோடு, என்விடியா அதே மூன்று எழுத்தை மறுபடி கொண்டுவந்தது. எழுத்து அதே, விரிவு வேறு. ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ் என்றார்கள். பழைய ஏஜிபி மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே ஸ்லாட்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற புதிய ஸ்லாட் வகை வந்ததும் இரண்டு பெரிய ஸ்லாட் வைத்த மதர்போர்டுகள் சாத்தியமாயின. அடுத்த வருடமே, 2005-இல், ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற பெயரில் தன் பதிலோடு வந்தது. இரண்டு போதாதென்று மூன்றும் நான்கும் பூட்டினார்கள். கண்ணாடிக் கதவுள்ள கேபினட்டுக்குள் வரிசையாக அடுக்கிய கார்டுகளைப் பார்த்து மயங்காத இளைஞன் அன்று இல்லை. நானும் மயங்கியவன்தான்.

ஆனால் உள்ளே வேலை பிரிக்கும் முறை மாறிவிட்டது. கோடு கோடாகப் பிரிப்பது புதிய கேம்களுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே படம் படமாகப் பிரித்தார்கள். திரையில் வரும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். முதல் ஃபிரேமை ஒரு கார்டு வரையும், இரண்டாவதை மற்றது, மூன்றாவது மறுபடி முதல் கார்டுக்கு. மாற்றி மாற்றி வரைவது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயமான பங்கீடு இருக்க முடியாது.

இங்கேதான் தாளம் வருகிறது.

கச்சேரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒருவர் எட்டையும் போட்டுவிடுகிறார். ஆனால் இரண்டை அடுத்தடுத்துச் சட்டென்று தட்டிவிட்டு, கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டைத் தட்டுகிறார். ஆவர்த்தனம் முடியும் நேரம் சரியாகவே வருகிறது. அதைத் தாளம் என்று ஒப்புக்கொள்வீர்களா? பக்கவாத்தியக்காரர் எழுந்து போய்விடுவார். எண்ணிக்கை சரி, இடைவெளி சரியில்லை.

இரட்டைக் கார்டில் அப்படியே நடந்தது. ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் 16.7 மில்லிசெகண்ட் இருக்க வேண்டும். இரண்டு கார்டுகள் மாற்றி மாற்றி வரையும்போது, ஒரு ஃபிரேம் வந்த 5 மில்லிசெகண்டில் அடுத்தது வந்துவிடும். அதற்கடுத்தது 28 மில்லிசெகண்ட் கழித்து வரும். கூட்டிப் பாருங்கள். இரண்டு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட். திரையின் மூலையில் ஓடும் எண் 60 என்றே காட்டும். கண்ணுக்கோ அந்த 28-தான் தெரியும். ஏறக்குறைய 36 ஃபிரேம் ஓடுகிற மாதிரி இருக்கும். இதை மைக்ரோ ஸ்டட்டர் என்றார்கள்; நுண்திக்கல் என்று சொல்லலாம்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டாவது கார்டு வாங்கிப் போட்ட அன்று இரவு, எண் 70-ஐத் தாண்டி ஓடுகிறது. ஆனால் கேமில் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினால் சுவர் வழுக்கி வராமல் துள்ளித் துள்ளி வருகிறது. என் கண்ணில் கோளாறோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன், மானிட்டரை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு கார்டைக் கழற்றினேன். எண் 45-க்கு இறங்கியது. படம் சீராக ஓடியது. எண் குறைந்து காட்சி நன்றாகுமா என்ற அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

பதில் 2013-இல் எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாயிற்று. எஃப்கேட் என்ற சோதனைமுறை அப்போது வந்தது. அதன் வேலைமுறை அழகானது. கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமின் இடது ஓரத்திலும் ஒரு வண்ணப் பட்டையைப் பூசிவிடுவார்கள். முதல் ஃபிரேமுக்கு ஒரு நிறம், அடுத்ததற்கு வேறு நிறம். மானிட்டருக்குப் போகும் படத்தை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவு செய்து, எந்த நிறம் திரையில் எவ்வளவு உயரம் இருந்தது என்று அளப்பார்கள். அளந்தபோது சில இரட்டைக் கார்டு அமைப்புகளில் பாதி நிறங்கள் நூலளவுக்குத்தான் இருந்தன. அந்த ஃபிரேம் திரையில் நான்கைந்து கோடு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்திருக்கிறது. ஆனால் கணக்கில் அதுவும் ஒரு முழு ஃபிரேம்! அந்த ஆண்டு ஆகஸ்டில், ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி நிறுவனம், ஃபிரேம்களை நிதானமாக இடைவெளி விட்டு அனுப்பும் புதிய டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, வெளியிட வேண்டி வந்தது. நிலைமை ஓரளவு சீரானது.

சீரானாலும் இன்னொரு குறை தீரவில்லை. ஒவ்வொரு கார்டும் தன் ஃபிரேமை வரைய 33 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால், இரண்டு சேர்ந்து நொடிக்கு 60 தரலாம். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தது திரையில் தெரிய அந்த 33 மில்லிசெகண்ட் ஆகத்தான் செய்யும். கண்ணுக்கு 60, கைக்கு 30. சண்டை கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தோற்றுப்போன பிறகுதான் புரியும்.

அடுத்தது நினைவகம். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்திநான்கு என்றானே தம்பி, அந்தக் கணக்கு. மாற்றி மாற்றி வரையும் முறையில் இரண்டு கார்டுமே முழுப் படத்தை வரைகின்றன. ஆகவே கட்டடம், மரம், முகம், துணி என எல்லாப் பொருளின் படமும் இரண்டு கார்டிலும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். ஒரே பாடப் புத்தகத்தை அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வாங்கினால் வீட்டில் இரண்டு புத்தகம் இருக்கும், பாடம் ஒன்றுதான். பன்னிரண்டும் பன்னிரண்டும் பன்னிரண்டே.

இனி ஆணிவேருக்கு வருகிறேன். 1998-இன் படம் பாய் என்றால், இன்றைய படம் சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றி ஓடும் இழை எங்கே திரும்ப வேண்டும் என்பது இதுவரை அது வந்த வழியைப் பொறுத்தது. வாசலின் ஒரு மூலையில் அக்காவும் மறு மூலையில் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இழைத்துக்கொண்டு வந்தால் நடுவில் கோலம் சேராது. இன்றைய கேம்கள் விளிம்புகளை மழுமழுப்பாக்க முந்தைய ஃபிரேமைப் பார்க்கின்றன. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் சிறிய படத்தைப் பெரிதாக்க, இப்போது பெரும்பாலும் முந்தைய ஃபிரேம்களில் பார்த்ததைத்தான் நம்பியிருக்கின்றன. நிழலும் பிரதிபலிப்பும்கூடப் பல கேம்களில் போன ஃபிரேமின் மிச்சத்திலிருந்து பிறக்கின்றன. அந்தப் போன ஃபிரேம் யாரிடம் இருக்கிறது? பக்கத்துக் கார்டிடம். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆளைக் கூட்டியதால் வந்த வேகம் அந்தக் காத்திருப்பில் கரைந்துபோகிறது.

அப்படியானால் 2004-லிருந்து பல வருடம் இது எப்படி ஓடியது? இதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக, எதை இரண்டு கார்டும் பகிர வேண்டும், எதைப் பகிரத் தேவையில்லை என்று ஆராய்ந்து, டிரைவருக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள் பொறியாளர்கள். அதற்கு புரொஃபைல் என்று பெயர். கேம் வந்த அன்று புரொஃபைல் வராவிட்டால் உங்கள் இரண்டாவது கார்டு சும்மா இருக்கும். நாம் கடையில் விலை கொடுத்து வாங்கியது இரும்பும் சிலிக்கானும். ஆனால் இரண்டாவது கார்டின் பலம் அந்தக் கார்டுக்குள் இருந்ததே இல்லை. எங்கோ உட்கார்ந்து கேமுக்குக் கேம் குறிப்பு எழுதிய மனிதர்களின் உழைப்பில் இருந்தது. அவர்கள் எழுதும் வரை அது கார்டு. நிறுத்திய அன்று அது பாரம்.

அவர்கள் நிறுத்தினார்கள். ஒரே நாளில் இல்லை, படிப்படியாக. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் இரண்டு கார்டைப் பூட்டும் இணைப்பே இல்லை. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது, கேம் ஆடுகிறவர்களுக்கான கார்டுகளில் 3090 ஒன்றுக்கு மட்டும்தான் அந்த இணைப்பு இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்கும் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் சேர்ப்பதில்லை என்று என்விடியா அறிவித்தது. 2022-இல் வந்த 4090-இல் அந்த ஒரே இணைப்பும் போயிற்று.

இடையில் நம்பிக்கை தந்த ஒரு வழியும் உண்டு. 2015-இல் வந்த விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 12, இரண்டு கார்டுக்கும் வேலை பிரித்துத் தரும் பொறுப்பைக் கேம் எழுதுகிறவர்கள் கையில் கொடுத்தது. ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி என்ற கேமில் ஒரு என்விடியா கார்டையும் ஒரு ஏஎம்டி கார்டையும் சேர்த்தே ஓட்டிக் காட்டினார்கள். ஷேடோ ஆஃப் தி டூம் ரெய்டர் போன்ற சில கேம்களும் அந்தப் பொறுப்பை ஏற்றன. ஆனால் நீங்களே ஒரு கேம் எழுதுகிறவராக யோசித்துப் பாருங்கள். உங்கள் கேமை வாங்குகிறவர்களில் இரண்டு கார்டு வைத்திருப்பவர் மிகச் சிலர். அந்தச் சிலருக்காக மாதக்கணக்கில் உழைக்க எந்த முதலாளி சம்பளம் தருவார்? கேம்கள் எழுதப்படவில்லை, எழுதப்படாததால் யாரும் இரண்டாவது கார்டு வாங்கவில்லை, யாரும் வாங்காததால் மறுபடி எழுதப்படவில்லை. அந்த வட்டம் அப்படி மூடிக்கொண்டது.

இப்போது தம்பியின் இரண்டு 3060-க்கு வருவோம். சொருகினால் உட்காரும். விண்டோஸில் இரண்டு பெயரும் தெரியும். பார்க்கப் பெருமையாகவும் இருக்கும். கேமைத் திறந்தால் ஒரு கார்டு மட்டும்தான் வேலை செய்யும். 3060-க்கு எஸ்எல்ஐ இணைப்பே கிடையாது. மேலும், நடுத்தர விலை மதர்போர்டுகள் பலவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட்டுக்குள் தரவு செல்ல நான்கு வழித்தடம் மட்டுமே ஓடும். நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முழு வேலை கொடுத்தால் ஒரு 3060 சுமார் 170 வாட் இழுக்கும். அவனுடைய கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் இரண்டுக்குத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால் மேல் கார்டின் விசிறிக்கு மூச்சுவிட இடமில்லை. மே மாதத்து மதியம், மாடி அறை, ஏசி கிடையாது. அந்த அறையில் ஏற்கெனவே சூடாக இருக்கும் காற்றைத்தான் அந்த விசிறி இழுக்க வேண்டும்.

இரண்டாவது கார்டுக்கு எங்குமே இடமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினால் நான் பொய் சொன்னவனாவேன். முப்பரிமாண அனிமேஷன் செய்யும் பிள்ளைகள் பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டரரைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே இரண்டு கார்டும் உண்மையாகவே உழைக்கும். நேரம் நன்றாகக் குறையும். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாலும் ஒரு துண்டு மற்றதைக் கேட்காது. 1998-இன் பாய் அங்கே இன்னும் முடையப்படுகிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் இரண்டு கார்டு உதவும். மாதிரியின் அடுக்குகளைப் பாதி அங்கே, பாதி இங்கே என்று வைக்கலாம். தம்பி சொன்ன இருபத்திநான்கு அங்கே ஏறக்குறைய மெய்யாகும். ஆகவே உங்கள் பிள்ளை இரண்டாவது கார்டு கேட்டால் முதலில் கேளுங்கள்: "எதுக்குப்பா?" கேமுக்கு என்றால் வேண்டாம். அந்த வேலைகளுக்கு என்றால் உட்கார்ந்து பேசுங்கள்.

கேம் திக்குகிறதே, அதற்கு என்ன வழி? காசை எடுக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள். கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை விறுவிறு என்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். குறைத்தும் எண் நகரவே இல்லையென்றால் தடை பிராசஸரிலோ ராமிலோ வேறெங்கோ. அப்போது எத்தனை கார்டு வாங்கினாலும் பணம் வீண். கேபினட்டைத் திறந்து தூசியைத் துடையுங்கள். சூடு ஏறினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி இறக்குங்கள். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருந்தால் போட்டுப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் கார்டு போதவில்லையென்றால், கையில் இருப்பதை விற்று, அந்தக் காசோடு இரண்டாவது கார்டுக்கு வைத்திருந்த காசையும் சேர்த்து, ஒரே ஒரு நல்ல கார்டு வாங்குங்கள். அது யாருடைய புரொஃபைலுக்கும் காத்திருக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ரிச்சி தெருக் கடையானாலும் நண்பர் வீடானாலும், அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தம்பியோடு அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். ரெசல்யூஷனைக் குறைத்தோம். எண் நகரவில்லை. ஒரு தெருவைக் கடக்கும்போது படம் நின்று நின்று வந்தது. கேபினட்டைத் திறந்தோம். உள்ளே 8 ஜிபி ராம் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்து ஸ்லாட்டுகள் காலி. கேமுக்கு அந்த இடம் போதவில்லை. அதோடு, அந்தப் பிராசஸர் ராமிடம் இரண்டு வழியாகப் பேசும்படி கட்டப்பட்டது. அதில் ஒரு வழி வாங்கிய நாளிலிருந்து அடைத்தே கிடந்திருக்கிறது. அதே வகை 8 ஜிபி ராம் இன்னொன்றை மதர்போர்டு கையேடு காட்டிய ஸ்லாட்டில் போட்டோம். அதே தெருவைக் கடந்தான். இந்த முறை படம் நிற்கவில்லை.

அவனுக்கு இரண்டாவதாக ஒன்று தேவைப்பட்டது உண்மைதான். அது வேறு இடத்தில் தேவைப்பட்டது. இரண்டுக்கு என்றே கட்டிவைத்த இடத்தில். ராமுக்கு ஆன செலவு போக மீதிப் பணத்தை அந்த அம்மா எண்ணி, மறுபடி அதே சுருக்குப் பையில் வைத்து முடிந்துகொண்டார். தம்பி கேம் ஆடிக்கொண்டிருந்தான். மூலையில் ஓடிய எண்ணை அவன் பார்க்கவே இல்லை.